பழைய ஜீப்புக்கு எவ்வளவு தலைக்கனம் தாங்கும்?

முன்கண்ணாடியின் மேல் மூலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் முழங்காலில் விழுந்தது. மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. ரப்பர் பீடிங் போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். பீடிங்கை விரலால் ஒதுக்கிப் பார்த்தால், அதற்கு அடியில், தூணும் கூரையும் சேரும் இடத்தில், தகட்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். பெயிண்ட் மட்டும் வெடித்திருக்கும் என்று நகத்தால் கீறினேன். நகம் உள்ளே இறங்கியது.

வண்டிக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல். கூரையில் இரும்புக் கேரியர். அதில் நான் வருடக்கணக்காகச் சேர்த்துக்கொண்டே போன சாமான்கள். அன்றைக்கு எல்லாவற்றையும் இறக்கினேன். ஒவ்வொன்றையும் கையில் பிடித்தபடி எடை மெஷினில் ஏறி நின்று, என் எடையைக் கழித்து எழுதிக்கொண்டேன். கேரியரை மட்டும் ஒரு முனை, மறுமுனை என்று இரண்டு தடவையாக நிறுத்தேன்: 62 கிலோ. ஸ்டெப்னி 34. 20 லிட்டர் டீசல் கேன் இரண்டு, இரும்புக் கேனின் எடையோடு 42. கூரைமேல் விரித்துப் படுக்கும் கூடாரம் 48. நெட்டை ஜாக்கி 13. மண்வெட்டி, மணலில் சக்கரத்துக்கு அடியில் போடும் பலகைகள் எல்லாம் சேர்த்து 10. கூட்டினால் 209 கிலோ. வண்டியோடு வந்த கையேடு கூரைக்குக் கொடுத்த வரம்பு 100 கிலோ, அதுவும் கேரியரின் எடையைச் சேர்த்து.

இத்தனைக்கும் வண்டி ஒரு நாளும் முனகியதில்லை. அதுதான் ஆபத்தே. கூரை உடனே காட்டிக்கொடுக்காது. வருடக்கணக்கில் கணக்கு வைத்திருந்து ஒரு நாள் மொத்தமாகக் கேட்கும்.

அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்று அலசியபோது முன்னால் இருந்த வழிகள் ஐந்து: குறுக்குக் கம்பிகள் மட்டும் போடுவது, நீளக் கேரியரையே நல்லதாக மாற்றுவது, கூரையைத் துளைத்துப் போல்ட் போட்டுப் பிடிப்பது, அடிச்சட்டமான சேஸிஸ் வரை இறங்கும் வெளிக்கூண்டு கட்டுவது, கனத்தைக் கூரையிலிருந்தே இறக்கிவிடுவது. இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு என் கணக்கு உதவலாம்.

100 கிலோ ஏன் இவ்வளவு குறைவாகத் தெரிகிறது

பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டிகள் பலவற்றின் கையேட்டைப் புரட்டினால் கூரை வரம்பு 50, 75, 100 என்ற அளவில்தான் இருக்கும். இரண்டு டன் இரும்பு, மேலே இரண்டு பேர் ஏறி நின்றால்கூட அசையாது, அப்புறம் ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று தோன்றும். நிற்கிற வண்டிக்கும் ஓடுகிற வண்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் பதில். 2020-ல் வந்த புது டிஃபெண்டருக்கு லேண்ட் ரோவர் இரண்டு எண் கொடுக்கிறது: ஓடும்போது 168 கிலோ, நிற்கும்போது 300 கிலோ. கூரைக் கூடாரம் புழக்கத்துக்கு வந்த காலத்தில் வடிவமைத்த வண்டி அது. பழையவற்றில் பலவற்றுக்கு ஓடும்போதைய எண் மட்டும்தான் உண்டு.

நிற்கும்போது எடை நேராகக் கீழே இறங்குகிறது. தூண்கள் அதைத் தாங்கிவிடும். ஓடும்போது அதே எடை நாலாபக்கமும் இழுக்கிறது. பலமாகப் பிரேக் அடித்தால் 150 கிலோ சுமை ஏறக்குறைய 120 கிலோ விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். குழியில் இறங்கி ஏறும் நொடியில் அதன் கனம் இரண்டு மடங்குக்குக் குறையாது. ஒரு சக்கரம் மேட்டில், எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்தில் என்று போகும்போது பாடி முறுக்கிக்கொள்ளும், கேரியர் முறுக்க விடாமல் மல்லுக்கு நிற்கும். கம்பியை மடக்கி மடக்கி உடைப்போமே, அந்த வேலைதான் மூலைகளில் நடக்கிறது. என் விரிசல் அப்படி வந்ததுதான்.

அடுத்தது, கவிழும் சங்கதி. ஒரு கணக்குக்கு, 2,000 கிலோ வண்டி, புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 205 செ.மீ. உயரத்தில் 100 கிலோ ஏற்றினால் மையம் சுமார் 6 செ.மீ. மேலேறும். 200 கிலோ ஏற்றினால் கிட்டத்தட்ட 12 செ.மீ. சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் வண்டியில், பக்கச் சரிவில் கவிழும் கோணம் ஏட்டுக்கணக்குப்படி 45 டிகிரியிலிருந்து 42-க்கும், பிறகு 40-க்கும் இறங்கும். ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவதால் நிஜத்தில் அதைவிட முன்னாலேயே போய்விடும்.

ஆறு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் ஸ்டியரிங் பிடிப்பவருக்கு வண்டி அதைவிட எத்தனையோ மோசமாகத் தெரியும். காரணம் இது: வளைவில் பாடி சாய்வது தரையை அச்சாக வைத்து இல்லை, ஆக்ஸில் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு கோட்டை வைத்து. அந்தக் கோடு 55 செ.மீ. உயரத்தில் என்றால், ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் 1,600 கிலோ பாடிக்கு அதிலிருந்து கிடைக்கும் நெம்புகோல் நீளம் 30 செ.மீ. போல. கூரையில் இருக்கும் 100 கிலோவுக்கோ 150 செ.மீ. பெருக்கிப் பார்த்தால், எடையில் ஆறு சதவீதம் கூட்டிய சுமை சாய்க்கும் விசையை 30 சதவீதம் கூட்டிவிடுகிறது. தேய்ந்த ஷாக் அப்சார்பரும் தளர்ந்த லீஃப் ஸ்பிரிங்கும் இருக்கும் வண்டியில் இதைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு ஒரு கணம் பொறுத்துத்தான் மேல்பாதி வந்து சேரும்.

இன்னொன்று. வண்டியின் வரம்பு, கேரியரின் வரம்பு, அதன் கால்களின் வரம்பு மூன்றில் எது சின்னதோ அதுதான் நம் வரம்பு. கேரியரில் ஒட்டியிருக்கும் 150 கிலோ ஸ்டிக்கர் அந்தக் கேரியரைப் பற்றிச் சொல்கிறது. நம் கூரையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மண்பாதைக்குப் போனால் சாலை வரம்பை 1.5 ஆல் வகுக்கச் சொல்லும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நான் அதையே வண்டியின் வரம்புக்கும் பொருத்திக்கொள்கிறேன். ஆக என் 100 கிலோ, தார் முடியும் இடத்தில் 66 ஆகிவிடுகிறது.

முதலில் வாய்க்காலைப் பாருங்கள்

பழைய வண்டிகளுக்கு ஒரு வரம் உண்டு. கூரையின் இரண்டு ஓரத்திலும் மழைத்தண்ணீர் ஓட ஒரு விரல் அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி ஒரு விளிம்பு. கூரைத் தகடும் பக்கத் தகடும் மடிந்து சேரும் இடம் அது, அதனால் கூரையிலேயே உறுதியான பகுதியும் அதுதான். கேரியரின் கால்கள் அதில்தான் கவ்வும். லேண்ட் குரூஸரின் 60, 80 சீரிஸ், நிஸானின் பழைய பேட்ரோல் (Patrol), மெர்சிடிஸ் ஜி-வேகன், பழைய டிஃபெண்டர் எல்லாவற்றிலும் இது உண்டு. 1984-ல் வந்த லேண்ட் குரூஸர் 70 இன்றைக்கும் வாய்க்காலோடுதான் வருகிறது. 1998-ல் வந்த 100 சீரிஸில் அது போய்விட்டது.

ஆனால் வரம் கொடுத்த இடத்திலேயே துருவும் குடியிருக்கும். வாய்க்காலுக்குள் கம்பெனியில் பூசிய சீலன்ட் வருடங்கள் போகப் போகக் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கி இரண்டு தகட்டுக்கும் நடுவே தங்கிவிடும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். பார்க்கும் முறை எளிது. ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, திருப்புளியின் பிடியால் வாய்க்கால் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு "டிங்" என்று சொல்லும். கெட்ட இடத்தில் சத்தம் மந்தமாகி "பொத்" என்று கேட்கும். சீலன்ட் கொப்பளித்திருக்கும் இடத்தை நகத்தால் பெயர்த்துப் பாருங்கள். அடியில் செம்பழுப்புத் தூள் வந்தால், அந்த வண்டிக்குக் கேரியர் பற்றி யோசிப்பதற்கு முன் வெல்டிங் பற்றி யோசிக்க வேண்டும்.

எல்லாக் கூரையும் இரும்பு இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளிலும் பழைய டிஃபெண்டரிலும் கூரை அலுமினியம். வெல்டு செய்யாமல் போல்ட் போட்டு உட்கார்த்தியிருப்பார்கள். பழைய லேண்ட் குரூஸர் எஃப்ஜே40-ன் கூரை மூடி ஃபைபர். பழைய லேண்ட் ரோவர் சிலவற்றில் வெயிலுக்காகக் கூரைக்கு மேல் இரண்டாவதாக ஒரு தகடு இருக்கும். அது நிழலுக்குப் போட்டது, சுமைக்குப் போட்டதில்லை. அதன்மேல் ஏறி நின்று சாமான் கட்டியவர்களை எனக்குத் தெரியும். தகட்டின் பள்ளங்களைப் பார்த்தாலே யார் எங்கே நின்றார்கள் என்று சொல்லிவிடலாம்.

குறுக்குக் கம்பிகளா, நீளக் கேரியரா

பெரும்பாலானவர்களுக்கு நிஜமான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

குறுக்குக் கம்பிகளின் பெரிய சிறப்பு அவற்றின் எடை. மூன்று கம்பி, ஆறு கால், எல்லாம் சேர்த்து 18 கிலோவுக்குள் முடிந்துவிடும். வேண்டாதபோது அரை மணியில் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாம். ஒவ்வொரு கம்பியும் தனித்தனி என்பதால் பாடி முறுக்கும்போது அவையும் அதோடு போகும், எதிர்த்து நிற்காது. குறை என்னவென்றால் நீளமான அல்லது ஒரே துண்டான பொருளுக்குத்தான் அவை லாயக்கு. படகு, ஏணி, மரச்சட்டம், கூடாரம் சரி. சின்னச் சின்ன மூட்டைகளுக்குச் சரிவராது.

இரண்டு கம்பி போதுமா, மூன்று வேண்டுமா? கணக்குப் போடுங்கள். 70 கிலோ நாலு காலில் இறங்கினால் காலுக்குப் பதினேழரை, ஆறு காலில் இறங்கினால் பன்னிரண்டு. முறுக்கும் பாதையில் சுமை எல்லாக் காலிலும் சமமாக இருக்காது, எதிரெதிர் மூலைக் கால்களே அதிகம் வாங்கும் என்பதால், மூன்றாவது கம்பிக்குக் கொடுக்கும் கூடுதல் எடை வீண் போகாது.

நீளக் கேரியரின் கவர்ச்சி வேறு. எதையும் எங்கேயும் கட்டலாம். எட்டுப் பத்துக் கால்கள் வாய்க்கால் முழுக்கச் சுமையைப் பரப்பும். பார்க்கவும் எடுப்பாக இருக்கும். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இரும்புக் கேரியர் 50 முதல் 80 கிலோ வரை தானே தின்றுவிடும். 100 கிலோ வரம்பில் 62 கிலோ கேரியர் என்றால் சாமானுக்கு மிச்சம் 38. மண்பாதையில் வெறும் 4. அதாவது நான் இத்தனை வருடமும் மண்பாதையில் ஒரு நிறைந்த டீசல் கேன் ஏற்றுவதற்குக்கூட அனுமதி இல்லாத கேரியரை வைத்துக்கொண்டு, அதில் முழு வீட்டையும் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அலுமினியக் கேரியர் 30 முதல் 45 கிலோ. அதற்கே மாற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் இரண்டு விஷயம். இரும்பு வளையும், வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி எந்தப் பட்டறையிலும் பற்றவைக்கலாம். அலுமினியம் வளையாமல் விரிசல் விடும், பற்றவைக்கத் தனிக் கருவியும் தனிக் கையும் வேண்டும். அதனால்தான் இப்போது வரும் அலுமினியக் கேரியர்களில் பல, வெல்டு இல்லாமல் போல்ட்டில் சேர்த்தவை. அந்தப் போல்ட்டுகள் குலுங்கிக் குலுங்கிக் கழலும். முதல் மண்பாதைப் பயணம் முடிந்ததும் ஒவ்வொன்றிலும் ஸ்பேனர் வைத்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

எந்த உலோகமாக இருந்தாலும் கால்களின் உயரத்தைப் பாருங்கள். கூரையிலிருந்து 20 செ.மீ. தூக்கி நிறுத்தும் கேரியரைவிடத் தகட்டை ஒட்டி, உரசாமல் கை நுழையும் இடைவெளி விட்டு உட்காரும் கேரியர் எவ்வளவோ மேல். உயரக் கால் என்றால் சுமை பக்கவாட்டில் ஆடும்போது வாய்க்காலைப் பிடுங்கும் நெம்புகோலும் நீளம். காற்றும் அடியில் புகுந்து ஊளையிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும் என்பதால், நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுகிறவர் காலிக் கேரியரைச் சுமந்து திரிவதற்கு டீசலாகவே வாடகை கட்டுகிறார்.

துளைப்பதும் கூண்டு கட்டுவதும்

வாய்க்கால் இல்லாத வண்டிக்கும், வாய்க்கால் அரித்துப்போன வண்டிக்கும் கூரையைத் துளைத்து நீளவாக்கில் தண்டவாளம் மாதிரி பட்டை பொருத்துவது ஒரு வழி. சரியாகச் செய்தால் நல்ல வழி. கூரைத் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதை மறந்தால்தான் வினை. தகட்டில் மட்டும் நட்டைப் பதித்துச் சுமை ஏற்றினால் தகடு தகர டப்பா மாதிரி உள்ளும் வெளியும் அடித்து, துளையைச் சுற்றி வெடிக்கும். உட்கூரைத் துணியை இறக்கி, உள்ளே குறுக்கே ஓடும் விட்டங்கள் எங்கே என்று பார்த்து, அவற்றின்மேல் அல்லது அகலமான அடித்தகடு வைத்துப் போல்ட் போட வேண்டும். துளையின் விளிம்பில் பெயிண்ட், அதன்மேல் சீலன்ட். அலுமினியக் கூரை என்றால் ஸ்டீல் போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தில் நேராகத் தொடக்கூடாது. தொட்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பொரிந்து உதிரும். நடுவே பிளாஸ்டிக் வாஷர் வேண்டும். இவ்வளவும் ஒரு முழு வார இறுதி வேலை. ஒரு துளை ஒழுகினால் தேடிக் கண்டுபிடிக்க இன்னொரு வார இறுதி.

எனக்கு வாய்க்கால் நன்றாக இருந்ததால் இதைத் தொடவில்லை. நல்ல வாய்க்கால் இருக்கும்போது கூரையைத் துளைப்பது அனாவசியம்.

வெளிக்கூண்டு பற்றி ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். கூரையைத் தொடாமல் சுமையைக் குழாய்கள் வழியே சேஸிஸுக்கு இறக்கலாம் என்ற யோசனை காகிதத்தில் அழகு. கூண்டே 70, 100 கிலோ வரும், அதில் பாதி மேலே இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், பாடி சேஸிஸின்மேல் ரப்பரில் உட்கார்ந்து தனியாக அசைவது. கூண்டை இரண்டிலும் இறுக்கிப் பூட்டினால் அந்த அசைவு எங்காவது ஓரிடத்தைக் கிழித்தே தீரும். கூண்டு கட்டினால் உருண்டாலும் பிழைக்கலாம் என்று, கிடைத்த குழாயை வளைத்துக் கட்டியவற்றைப் பார்த்திருக்கிறேன். உருண்டால் அவை எந்தப் பக்கம் மடங்கும் என்று யாருக்கும் தெரியாது. பந்தயத்துக்காக முறையாகக் கட்டிய கூண்டு ஏற்கெனவே இருக்கிறது, கேரியரை அதோடு இணைக்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை.

மேலே எது, கீழே எது

எந்தக் கேரியர் என்று இத்தனை நாள் யோசித்ததில் எனக்குக் கடைசியில் புரிந்தது, கேள்வியையே மாற்றிக் கேட்டிருக்க வேண்டும் என்று. என் 209 கிலோவில் கூரையில்தான் இருந்தாக வேண்டும் என்று எத்தனை இருந்தது? கூடாரம் மட்டும்தான். மற்றதெல்லாம் இடம் இருந்ததால் மேலே போனவை.

முதலில் தண்ணீர். லிட்டருக்கு ஒரு கிலோ, பேரம் கிடையாது. 40 லிட்டர் தட்டைத் தொட்டியை முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைத்தால் வண்டிக்கு அது இருப்பதே தெரியாது. இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில், தரையோடு தரையாக. இதைவிட நல்ல இடம் இல்லை. கருவிப் பெட்டியும் அங்கேதான். பின்னால் இருக்கும் சாமான் பிரேக் அடித்தால் தலைக்கு வராமல் இருக்க நடுவில் வலையோ கம்பித் தடுப்போ போட்டாக வேண்டும். இதில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

டீசலும் பெட்ரோலும்தான் தலைவலி. டீசல் லிட்டருக்கு 0.84 கிலோ போல, 20 லிட்டர் கேன் நிறைந்தால் 21 கிலோ. ஆவி காரணமாக ஆட்கள் உட்காரும் இடத்தில் வைக்கக்கூடாது. அதனால்தான் எல்லோரும் கூரையைத் தேடுகிறார்கள். அங்கே நாள் முழுக்க வெயிலில் காய்ந்து உப்பும். மூடியைத் திறந்தால் முகத்தில் சீறும். ஒரு தடவை சட்டையை நனைத்துக்கொண்டேன், வாசனை மூன்று துவைப்புக்குப் போகவில்லை. 21 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி ஏணியில் நின்றபடி இறக்குவது இடுப்புக்கும் நல்லதில்லை. வண்டிக்கு அடியில் பெரிய டேங்க் பொருத்துவதே நிரந்தரத் தீர்வு. முடியாவிட்டால் காலிக் கேன்களை மேலே கட்டிக்கொண்டு போய், கடைசிப் பங்க்கில் நிரப்பி, முதலில் அவற்றை டேங்க்கில் ஊற்றிக் காலி செய்துவிடலாம்.

ஸ்டெப்னியைப் பின்கதவிலோ, பின் பம்பரில் தனியாகத் திறக்கும் சட்டத்திலோ மாட்டலாம். இதிலும் விலை உண்டு. பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் ஸ்டெப்னியும் சட்டமும் சேர்த்து 70 கிலோ தொங்கினால், 2.7 மீட்டர் ஆக்ஸில் இடைவெளி உள்ள வண்டியில் முன் ஆக்ஸிலிலிருந்து 31 கிலோ கழன்று, பின் ஆக்ஸில் 101 கிலோ வாங்கும். கதவில் மாட்டினால் கீல் தேய்ந்து, சாத்தும்போது கதவைத் தூக்கிவிட்டுச் சாத்த வேண்டிவரும். இருந்தாலும், 205 செ.மீ. உயரத்தில் ஆடும் 34 கிலோவுக்கு 90 செ.மீ. உயரத்தில் இருக்கும் 34 கிலோ எவ்வளவோ தேவலை.

டிரெயிலர் எல்லாக் கனத்தையும் ஒரே அடியில் தீர்த்துவிடும். 200, 300 கிலோ ஏற்றலாம், கூடாரத்தையே அதன்மேல் போட்டுக்கொள்ளலாம், முகாமில் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றலாம். ஆனால் மணலில் நங்கூரம் மாதிரி இழுக்கும். பிரேக் இல்லாத டிரெயிலர் செங்குத்தான இறக்கத்தில் வண்டியை முதுகில் கைவைத்துத் தள்ளும். குறுகலான பாதையில் எதிரே வண்டி வந்து ரிவர்ஸ் எடுக்க நேர்ந்தால் உறவெல்லாம் சோதனைக்கு வரும். நாலைந்து பேர், இரண்டு வாரம், ஒரே இடத்தில் முகாம் என்றால் டிரெயிலர். தினம் ஓர் இடம், ஒற்றையடிப் பாதை என்றால் வேண்டாம்.

கூரையில் என்னதான் போகலாம்? இடத்தை அடைக்கும், எடை இல்லாத சாமான்: படுக்கை, துணிப்பை, மடக்கு நாற்காலி, காலிக் கேன், தார்ப்பாய், மணல் பலகை. தட்டையாக, நடுவில், முன்னும் பின்னும் நீட்டாமல்.

கூடாரம் மட்டும் இதில் சேராத ஆசாமி. 48 கிலோ, அதுவும் லேசான ரகம். கெட்டி மூடி உள்ளவை 60, 80 வரை போகும். இரவில் இரண்டு பேர் ஏறிப் படுத்தால் என் வண்டியில் கம்பி, கூடாரம், ஆட்கள் சேர்த்து 200 கிலோவைத் தாண்டும். நிற்கிற வண்டி என்பதால் அதற்கு நான் பயப்படவில்லை. பகலில் ஓடும் 48 கிலோதான் கவலை. கூடாரத்தை நீளக் கேரியரின்மேல் வைப்பது எடைக்கு மேல் எடை. லேசான அலுமினியக் கேரியராகவே இருந்தாலும் 34 கூட்டல் 48, ஆக 82. மண்பாதைக்கான 66-ஐத் தாண்டிவிட்டது. மூன்று குறுக்குக் கம்பி என்றால் 18 கூட்டல் 48. சரியாக 66.

ஆகவே நான் அதைத்தான் எடுத்தேன். கூரையில் மூன்று கம்பி, கூடாரம், வேறு ஒரு துரும்பும் கிடையாது. ஸ்டெப்னி பின்னால் போயிற்று, தண்ணீர் தரைக்கு வந்தது. இரும்புக் கேரியரை வாங்கிக்கொண்டவர் அதைத் தோட்டத்தில் கொடி படரவிட வைத்திருக்கிறார். கூடாரம் தேவையில்லாதவர்களுக்கு என் யோசனை வேறாக இருக்கும்: வாய்க்கால் திடமாக இருந்தால் வண்டியின் பாதி நீளத்துக்கு மட்டும் வரும் அலுமினியக் கேரியர், ஆறு கால், சாமான் 30 கிலோவுக்குள். முழு நீளம் வாங்கினால் முழு நீளத்தையும் நிரப்பத்தான் மனசு சொல்லும்.

விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு, மேலும் ஓடாமல் நிறுத்தி, பற்றவைத்தார்கள். பட்டறைக்காரர் சொல்லிக்கொடுத்த ஒரு வேலையை அன்றிலிருந்து செய்கிறேன். கம்பிகளின் ஆறு காலிலும், காலின் அடியிலிருந்து வாய்க்கால் விளிம்பு வரை வெள்ளைப் பெயிண்டால் குறுக்கே ஒரு கோடு. கால் நகர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிவிடும். புறப்பட்டு 50 கிலோமீட்டரில் ஒரு தடவை, மண்பாதை முடிந்ததும் ஒரு தடவை வண்டியைச் சுற்றி வந்து பார்த்தால் போதும், ஸ்பேனர்கூட வேண்டாம். போன பயணத்தில் ஐந்து கோடு அப்படியே இருந்தன. இடதுபக்கம் பின்கால் மட்டும் ஓர் அரிசி நீளத்துக்கு முன்னால் வந்திருந்தது. தளர்த்தி, பழைய இடத்துக்குத் தள்ளி, மறுபடி இறுக்கினேன்.